பிரித்தானியாவின் பஸ் வண்டிகளும் பிராந்தியக் கம்பனிகளும்

‘பஸ்’ என்னுஞ் சொல் முழுச்சொல்லன்று. ஒரு சொல்லின் வாலாகும். ‘ஒம்னிபஸ்’ என்பது இலத்தீன் மொழியில் ‘எல்லோர்க்கும்’ எனப் பொருள்படும். அச்சொல்லின் ஈற்றில் நிற்கும் நான்காம் வேற்றுமைப் பன்மையுருபின் ஒரு துண்டே ‘பஸ்’ என்பது. தமிழிலே ‘எல்லோர்க்கும்’ என்பதில் ‘எல்லோர்’ என்பதை விடுத்து, எஞ்சிய ஈற்றை மாத்திரம் வண்டிக்குப் பெயராக இட்டாற்போன்றது அது. பெயரினின்றும் மறைந்த ‘எல்லோர்’ வண்டியினின்றும் மறைந்துபோகாதவாறு காப்பது எங்ஙனம் என்பதே ஏறக்குறைய இருநூறாண்டுக் காலப் பிரித்தானிய பஸ் வரலாற்றின் உட்பொருள் எனலாம். வீதி பொதுவுடைமை, வண்டியோ அதனை வாங்கியவரின் உடைமை. பொது வீதியில் வண்டியோட்டும் உரிமை யாருக்கு, அவ்வுரிமைக்கு ஈடாக அவர் ஆற்றவேண்டிய கடமை யாது என்னும் வினாக்களுக்கு அந்நாட்டார் காலந்தோறும் வெவ்வேறு விடை கண்டனர். பிராந்தியக் கம்பனிகளின் எழுச்சியும் வீழ்ச்சியும், பலவிடங்களில் வண்டிகளின் உருவமுங்கூட, அவ்விடைகளைத் தழுவியே அமைந்தன.

குதிரை பூட்டிய காலம்

1824 ஆம் ஆண்டில், மஞ்செஸ்ரர் நகருக்கு அண்மையிலுள்ள பென்டில்ரனில் வீதிவரி அறவிடுபவராயிருந்த ஜோன் கிறீன்வூட் என்பார், குதிரை பூட்டிய வண்டியொன்றை அந்நகருக்கு ஒழுங்காக ஓட்டத் தொடங்கினார். நெடுந்தூரம் சென்ற வண்டிகளில் முன்கூட்டியே இடம் பதிவு செய்தல் வேண்டும். கிறீன்வூட்டின் வண்டியிலோ வழியில் நின்றவர் எவரும் ஏறலாம். வேண்டிய இடத்தில் இறங்கலாம். இப்புதுமை சிறிதெனத் தோன்றினும், பஸ் என்பதன் இலக்கணம் அதுவேயாம்.

ஐந்தாண்டுகளின் பின், பிரான்சு நாட்டில் வழங்கிய ‘ஒம்னிபஸ்’ என்னும் பெயரை லண்டனுக்குக் கொணர்ந்தவர் ஜோர்ஜ் ஷிலிபியர். பாரிசு நகரில் வண்டி செய்யுந் தொழில் புரிந்த அவர், 1829 ஆம் ஆண்டு யூலை மாதம் 4 ஆம் நாள், பாடிங்ரனிலிருந்து இங்கிலாந்து வங்கி வரையும், மூன்று குதிரைகள் இழுக்க, 22 பேர் அமரத்தக்க வண்டியொன்றை ஓட்டினார். கட்டணம் ஒரு சிலிங். அவர் தெரிந்தெடுத்த பாதை கவனித்தற்குரியது. லண்டன் மாநகரின் நடுப்பகுதி வீதிகளில் இடையிடையே ஆட்களை ஏற்றி இறக்கும் உரிமை அக்காலத்தில் வாடகைக் குதிரைவண்டிக்காரருக்கே உரியதாயிருந்தது. ஆதலின் ஷிலிபியர் அவ்வெல்லைக்குப் புறம்பே சென்ற ‘புதிய வீதி’ வழியாகத் தம் வண்டியை விட்டார். 1832 இல் அத்தனியுரிமை நீக்கப்பட்டதும் போட்டி வண்டிகள் பெருகின. ஷிலிபியரோ பொருளிழந்து, பின்னாளில் சவ ஊர்வல வண்டிகள் செய்து பிழைக்க நேர்ந்தது. பஸ்ஸின் முதற் பாதையை வகுத்தது பிரயாணிகளின் தேவை மாத்திரமன்று, உரிமைச் சட்டமுமாகும் என்பதும், கட்டுப்பாடற்ற போட்டியில் முன்னோடிக்கும் பாதுகாப்பில்லை என்பதும் தொடக்கத்திலேயே புலனாயின.

தனித்தனி ஆட்கள் ஓட்டிய வண்டிகள் மெல்ல மெல்லப் பெருங் கம்பனிகளிடம் சேர்ந்தன. 1855 இல் பாரிசில் நிறுவப்பெற்ற லண்டன் ஜெனரல் ஒம்னிபஸ் கம்பனி, அடுத்த ஆண்டு முடிவதற்குள் லண்டனில் ஓடிய 810 வண்டிகளுள் 600 வண்டிகளை வாங்கித் தனதாக்கிக்கொண்டது. தென் லண்டனில் குதிரைகளை வாடகைக்கு விட்டுத் தொழில் தொடங்கிய தோமஸ் ரில்லிங் என்பாரும் அதே காலத்தில் ஒம்னிபஸ் ஓட்டலானார். அவர் பெயர் பின்னர் இங்கிலாந்தின் பல பிராந்தியங்களில் பஸ் நடத்திய பெருங் கூட்டமொன்றின் பெயராயிற்று.

நீராவியும் பெற்றோலும்

குதிரையின்றி ஓடும் பஸ் புதிதன்று. 1833 இலேயே வால்ரர் ஹன்கொக் என்பார் ‘என்ரர்பிறைஸ்’ என்னும் நீராவி பஸ்ஸை லண்டனில் ஓட்டினார். வீதிவரிகள் அத்தொழிலை நசித்தன. 1865 ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திர வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும் நகரத்தில் 2 மைலுமே செல்லலாமெனவும், வண்டிக்கு முன்னே செங்கொடியேந்திய ஒருவர் நடந்துசெல்ல வேண்டுமெனவும் விதித்தது. 1896 இல் இக்கட்டு தளர்த்தப்படும்வரை வீதி குதிரைக்கே உரியதாயிருந்தது.

தொடக்கத்தில் மோட்டார் பஸ்கள் ஓடிய நாட்களிலும் பழுதாகி நின்ற நாட்கள் மிகுதி. பேமிங்ஹாம் நகரிலும் அதன் சூழலிலும் பஸ் நடத்துதற்கு 1904 இல் நிறுவப்பெற்ற கம்பனியொன்று, தன் மோட்டார் வண்டிகளின் தொல்லை தாங்காது 1907 இல் அவற்றை நிறுத்திவிட்டு, மீண்டும் குதிரைகளைப் பூட்டியது. மோட்டார் வண்டிக்கு அது திரும்பியது 1912 இலேயே. அக்கம்பனிதான் பின்னாளில் ‘மிட்லண்ட் ரெட்’ என மக்கள் அழைத்த, இங்கிலாந்தின் மிகப் பெரிய பிராந்தியக் கம்பனிகளுள் ஒன்றாகும்.

அக்கம்பனியை மோட்டாருக்கு மீட்ட வண்டி ரில்லிங்-ஸ்ரீவன்ஸ் என்பது. அதன் அமைப்பு விநோதமானது. பெற்றோல் இயந்திரம் சக்கரங்களை நேரே சுழற்றாது மின்பிறப்பாக்கி ஒன்றைச் சுழற்றும். அம்மின்சாரம் மோட்டாரை இயக்க, மோட்டார் சக்கரங்களை இயக்கும். ஆகவே கியர் மாற்றும் வேலை சாரதிக்கு இல்லை. வாழ்நாள் முழுதும் கடிவாளம் பிடித்த குதிரைவண்டிச் சாரதிகள் புதிய தொழிலை எளிதிற் கற்றுக்கொள்ள இது பேருதவியாயிற்று. இன்னொரு புறத்தில், செம்ஸ்போட் நகரத்துத் தோமஸ் கிளாக்சன் நீராவியை விடாது பற்றினார். 1909 முதல் 1919 வரை அவருடைய ‘நாஷனல்’ கம்பனியின் நீராவி பஸ்கள் லண்டன் வீதிகளில் ஓசையின்றி ஓடின. நீராவி மறைந்தபின்னும் ‘நாஷனல்’ என்னும் பெயர் நாட்டுப்புறங்களில் நிலைத்தது.

லண்டனில் வெற்றி கண்டது ‘பி’ வகை பஸ். வண்டிகளின் நிறை, இரைச்சல் ஆகியவற்றுக்குப் பொலிசார் கடுமையான வரம்பு விதித்திருந்தனர். அவ்வரம்பினுள் அடங்குமாறு பிராங்க் சேர்ல் என்னும் பொறியியலாளர் 1910 இல் இதனை வகுத்தார். உள்ளே 16 பேரும் கூரையற்ற மேற்றட்டில் 18 பேரும் அமரலாம். ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றிற் பொருத்தக்கூடியதாக எல்லாம் ஓரளவாகச் செய்யப்பட்டமையே அதன் சிறப்பு. 1911 ஒக்ரோபர் 25 இல் லண்டன் ஜெனரல் கம்பனியின் கடைசிக் குதிரை பஸ் ஓய்ந்தது. மூன்றாண்டுகளின் பின் போர் மூண்டபோது ஏறக்குறைய 900 ‘பி’ வகை வண்டிகள் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் சென்று படையினரைச் சுமந்தன. செய்திப் புறாக்களுக்குக் கூடாகவும் சில மாற்றப்பட்டன. அவற்றுள் ‘ஓல்ட் பில்’ என்னும் பெயர்பெற்ற வண்டி பின்னர் லண்டனிலுள்ள ஏகாதிபத்தியப் போர் நூதனசாலையைச் சேர்ந்தது.

எல்லை வகுத்த கம்பனிகள்

1918 இல் போர் முடிந்தபோது, படையில் மோட்டார் ஓட்டவும் பழுதுபார்க்கவும் கற்ற இளைஞர் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினர். படைக்கு வேண்டாத லொறிகள் மலிந்த விலைக்குக் கிடைத்தன. கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு லொறியொன்றை வாங்கி, அதன்மேல் ஆசனங்கள் அமைந்த கூடொன்றைப் பொருத்தி, தம் ஊருக்கும் அயற் பட்டினத்துக்கும் இடையே ஓடியவர் பலர். வாரத்தில் ஒருநாள் சந்தைக்குச் சாமான் வண்டியிற் சென்ற கிராமத்தார் நாள்தோறும் பட்டினஞ் செல்லும் வசதி பெற்றது இவர்களாலேயே. ஆயினும், ஆள் மிகுந்த பாதையில் ஒரே நேரத்திற் பல வண்டிகள் முந்தியோடுதலும், ஆளில்லாத வேளையில் ஒரு வண்டியும் வாராமையும் வழக்கமாயின. லண்டனில் 1922 முதல் பெருகிய தனியார் வண்டிகளைக் ‘கடற்கொள்ளை பஸ்கள்’ என்றே மக்கள் அழைத்தனர்.

இதற்கு மாறான ஒழுங்கொன்றைப் பெரிய கம்பனிகள் தமக்குள் ஏற்கனவே வகுத்துக்கொண்டிருந்தன. 1914 இல் மிட்லண்ட் ரெட் கம்பனியும் பேமிங்ஹாம் மாநகரசபையும் செய்துகொண்ட உடன்படிக்கை அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நகர எல்லைக்குள்ளே போக்குவரத்து மாநகரசபைக்கு உரியது. எல்லைக்கு வெளியே கம்பனிக்கு உரியது. வெளியிலிருந்து வரும் கம்பனி வண்டி நகரத்துக்குள் ஆட்களை ஏற்றினால், மாநகரசபையின் வண்டிக்குப் பங்கம் வாராதபடி அதிக கட்டணம் அறவிடவேண்டும். கம்பனியின் போக்குவரத்து முகாமையாளர் ஓ. சி. பவர் இத்தகைய எல்லை வகுப்பில் வல்லவர்.

இவ்வாறு வரையறுக்கப்பட்ட நிலப்பரப்புகளில் வேரூன்றிய கம்பனிகளின் பெயர்கள் காலப்போக்கில் அவ்வப் பிராந்தியங்களின் பெயர்போலவே வழங்கின. செஸ்ரர் நகரில் மோட்டார்க் கார் செய்யும் நோக்குடன் 1906 இல் ஜோர்ஜ் கிறொஸ்லண்ட் ரெயிலர் தொடங்கிய முயற்சி ‘கிறொஸ்வில்’ கம்பனி. அவர் பெயரின் ஒரு பகுதியும் ஜோர்ஜ் வில் என்னும் பிரெஞ்சுக்காரர் பெயரும் இணைந்து பிறந்தது அப்பெயர். கார் செய்த தொழில் சிறக்கவில்லை. 1911 இல் செஸ்ரருக்கும் எல்ஸ்மியர் போட்டுக்கும் இடையே பஸ் ஓட்டியபோதே கம்பனி தன் வழியைக் கண்டது. பின்னர் வட வேல்ஸ் மலைகளெங்கும் பரந்தது. எடின்பரோவில் 1905 இல் தோன்றி அடுத்த ஆண்டுமுதல் வண்டியோட்டிய ஸ்கொட்டிஷ் மோட்டார் ரிறபிக் கம்பனி ஸ்கொத்லாந்தின் பெரும்பகுதியைத் தன் ஆட்சியிற் கொணர்ந்தது. தென்கடற்கரையில் பிரைற்றனைத் தலைமையிடமாகக் கொண்ட சவுத்டவுண் கம்பனியின் இளம்பச்சை வண்டிகளும், லங்காஷயரில் பிறெஸ்ரனைத் தலைமையிடமாகக் கொண்ட றிபிள் கம்பனியின் செந்நிற வண்டிகளும் தூரத்தே வரும்போதே இன்ன நாட்டுக்குரியன என அறியப்பட்டன.

இவற்றின் பின்னணியில் இரு பெருங் கூட்டங்கள் முதலீடு செய்திருந்தன. ஒன்று, குதிரைத் தொழிலிற் பிறந்த ரில்லிங். மற்றொன்று, மின்சார ட்ராம் வண்டித் தொழிலிற் பிறந்த பிரிட்டிஷ் இலெக்ரிக் ரிறக்ஷன். 1928 இல் இயற்றப்பட்ட சட்டங்கள் நான்கு பெரிய புகையிரதக் கம்பனிகளுக்கும் வீதிப் போக்குவரத்தில் ஈடுபட அதிகாரம் அளித்தன. தாமே போட்டி வண்டி ஓட்டாது, இருக்கும் பஸ் கம்பனிகளில் பங்கு வாங்குதலையே அவை பெரிதும் மேற்கொண்டன. கிளாக்சனின் ‘நாஷனல்’ 1929 இல் மேற்கு, தெற்கு, கிழக்கு என மூன்றாகப் பிரிந்தது புகையிரதக் கம்பனிகளின் எல்லைகளுக்கு இயைபாகவேயாம்.

1930 ஆம் ஆண்டுச் சட்டம்

தனியார் உடன்படிக்கைகளாக இருந்த ஒழுங்குக்குச் சட்டத்தின் வலிமையை அளித்தது 1930 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம். அதனைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றுவித்தவர் தொழிற்கட்சி அரசாங்கத்தின் போக்குவரத்து அமைச்சர் ஹேபேட் மொறிசன். அதற்கு முன் பஸ்களுக்கு அனுமதியளிக்கும் அதிகாரம் ஊர்ச் சபைகளிடம் சிதறிக் கிடந்தது; ஒரு பட்டினத்தின் விதி மறு பட்டினத்தில் இல்லை. புதிய சட்டத்தின்படி நாடு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுப் போக்குவரத்து ஆணையாளர் நியமிக்கப்பட்டனர். வண்டி தகுதியுடையதென ஓர் அனுமதி, சாரதிக்கும் நடத்துநருக்கும் அனுமதி, ஒவ்வொரு பாதையிலும் சேவை நடத்த அனுமதி எனப் பல நிலைகளில் கட்டுப்பாடு அமைந்தது. சாரதி இடைவிடாது ஐந்தரை மணி நேரத்துக்கு மேலும், நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேலும் வண்டியோட்டலாகாது என்பதும் அச்சட்டத்தின் விதியாகும்.

இவற்றுள் வரலாற்றை மாற்றியது பாதையனுமதியே. ஒருவர் புதிதாகச் சேவை தொடங்க விரும்பினால், அது பொதுமக்களுக்கு வேண்டப்படுவது என்பதை ஆணையாளர் முன்னிலையில் நிறுவவேண்டும். அப்பாதையில் ஏற்கனவே ஓடுவோரும் புகையிரதக் கம்பனியும் எதிர்வாதம் கூறலாம். நேர அட்டவணையும் கட்டணமும் ஆணையாளரின் ஒப்புதலுக்குட்பட்டன. இதனால் பெரிய கம்பனிகள் தத்தம் பிராந்தியத்திற் போட்டியின்றி நிலைபெற்றன. சிறிய உடைமையாளர் பலர் தம் அனுமதிகளை அவற்றுக்கு விற்று விலகினர்.

இவ்வொழுங்கில் எழுதாத ஒப்பந்தமொன்று அடங்கியிருந்தது. பட்டினங்களுக்கிடையே ஆள் நிறைந்து ஓடும் பாதையின் இலாபம் கம்பனிக்குப் பாதுகாக்கப்படும். அதற்கு ஈடாக, காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் ஐந்தாறு பேரை மாத்திரம் ஏற்றிச் செல்லும் கிராமப் பாதையின் நட்டத்தைக் கம்பனி பொறுக்கும். பெரும் பாதை சிறு பாதையைத் தாங்கிற்று. தனித்து நோக்கின் அக்கிராம வண்டியைக் கணக்கர் எவரும் ஏற்றுக்கொள்ளார். ஆயினும் பள்ளிப் பிள்ளையும், வைத்தியசாலைக்குச் செல்லும் முதியோரும், சந்தைக்குச் செல்லும் பெண்டிரும் அவ்வண்டியையே நம்பியிருந்தனர். குறைகளும் இல்லாமலில்லை. போட்டியற்ற கம்பனி புதுமை செய்யத் தயங்கும். ஊக்கமுள்ள சிறியோன் வாயிலிலேயே தடுக்கப்படுவான். எனினும் ஏறக்குறைய ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிரித்தானிய நாட்டுப்புறத்தின் போக்குவரத்து இவ்வொப்பந்தத்தின் மீதே நின்றது. லண்டனில் மாத்திரம் 1933 யூலை 1 முதல் பஸ், ட்ராம், நிலக்கீழ்ப் புகையிரதம் யாவும் ஒரே சபையின் பொறுப்பாயின.

ஊருக்கேற்ற வண்டி

பிராந்தியந்தோறும் நிலைத்த கம்பனிகள் இருந்தமையால் வண்டிகளும் பிராந்தியத்துக்கு ஏற்ப உருப்பெற்றன. பிரித்தானிய வீதிகளின் மேலே புகையிரதப் பாலங்கள் பல தாழ்வாகக் குறுக்கிடுகின்றன. சாதாரண இரட்டைத்தட்டு பஸ்ஸின் உயரம் பதினான்கு அடிக்கு மேற்பட்டது. தாழ்ந்த பாலத்தின் கீழ் அது செல்லாது. இவ்விடருக்கு 1927 இல் லேலண்ட் கம்பனி வெளியிட்ட ‘ரைற்றன்’ வண்டி விடை தந்தது. அதனை வகுத்தவர் ஜி. ஜே. ராக்கம். மேற்றட்டின் நடைபாதையை நடுவில் அமைக்காது ஒரு பக்கத்தில் பள்ளமாக அமைத்து, நால்வர் அமரும் நீண்ட ஆசனங்களை அதனருகே நிரைத்தார். வண்டியின் உயரம் ஓரடிக்கு மேல் குறைந்தது. யன்னலோரத்தில் இருந்தவர் இறங்குவதற்கு மூவர் எழுந்து வழிவிடவேண்டியதாயிற்று. கீழ்த்தட்டில் அப்பள்ளத்தின் அடியில் அமர்ந்தவர், தம்மை மறந்து எழுந்தால் தலையில் அடிபடுவதும் உண்டு. ஆயினும் இரட்டைத்தட்டு வண்டி முன்பு செல்லாத பாதைகளிலெல்லாம் சென்றது.

கிழக்கு யோக்ஷயர் கம்பனியின் இடர் இன்னும் விசித்திரமானது. பெவர்லிப் பட்டினத்தின் வடவாயில் 1409 ஆம் ஆண்டளவில் செங்கல்லாற் கட்டப்பட்ட கோட்டைவாயில். அதன் வளைவு மேலே கூராய்க் குவிந்தது. வாயிலை இடிக்க ஊரார் ஒருப்படார். பஸ்ஸும் அவ்வழியே செல்லல் வேண்டும். ஆகவே 1930 களில் கம்பனியார் தம் இரட்டைத்தட்டு வண்டிகளின் மேற்பகுதியை உட்புறமாகச் சரித்து, கூரையை அவ்வளைவின் வடிவாகவே குவித்துச் செய்வித்தனர். ஐந்நூறாண்டுக்கு முந்திய கொத்தனின் அளவுக்கு இருபதாம் நூற்றாண்டு வண்டி தலை குனிந்தது. வேறெப் பிராந்தியத்திலும் அவ்வண்டிக்குத் தேவையில்லை. அப்பிராந்தியத்தில் அதுவின்றி முடியாது.

தாழ்ந்த வண்டியின் குறைகளைத் தீர்த்தது பிரிஸ்ரலில் 1949 இல் வெள்ளோட்டம் விடப்பட்ட ‘லோடெக்கா’. பின்னச்சின் நடுப்பகுதி தாழ்த்தப்பட்டு, இயந்திர விசையைக் கொண்டுசெல்லும் தண்டு ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டமையால், கீழ்த்தட்டின் தளம் நிலத்துக்கு அணித்தாயிற்று. அதனால் மேற்றட்டிலும் நடைபாதை நடுவே வந்தது, உயரமோ கூடவில்லை. லோடெக்கா வண்டிகள் ஐயாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டன. அவற்றின் மேற்கூட்டை லோஸ்ரொவ்ற் நகரத் தொழிற்சாலை அமைத்தது. அவற்றுட் பலவற்றுக்கு மஞ்செஸ்ரரை அடுத்த பற்றிக்கிறொவ்ற்றில் ஆக்கப்பட்ட காட்னர் டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டது. மேட்டில் அவ்வியந்திரம் விரையாது. ஆயின் எண்ணெயைச் சிக்கனமாகக் குடித்து நெடுங்காலம் உழைக்கும். கம்பனிக் கணக்கருக்கு அக்குணமே பெரிது.

பிறர் செய்த வண்டியால் மனநிறைவு பெறாத மிட்லண்ட் ரெட் 1923 முதல் 1970 வரை தன் வண்டிகளைத் தானே செய்துகொண்டது. இங்கிலாந்தின் முதல் நெடுந்தூர விரைவீதியான எம் 1 திறக்கப்பட்ட 1959 நவெம்பர் 2 அன்றே, தான் செய்த விரைவு வண்டிகளை பேமிங்ஹாமிலிருந்து லண்டனுக்கு அவ்வீதி வழியே அது ஓட்டியது. குதிரைக்குத் திரும்பிச் சென்ற கம்பனி அரை நூற்றாண்டு கழிந்து இந்நிலை அடைந்தது.

அரசுடைமையும் அதன் சோதனையும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வண்டிகள் தேய்ந்தன, புதியன அரிதாயின. போருக்குப் பின் வந்த தொழிற்கட்சி அரசாங்கம் 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தால் புகையிரதங்களைத் தேசியமயமாக்கியபோது, அவற்றுக்குரிய பஸ் பங்குகளும் அரசின் கையில் வந்தன. ரில்லிங் கூட்டம் 1948 இல் ஏறக்குறைய 25 மில்லியன் பவுணுக்குத் தன் பஸ் தொழிலைப் பிரித்தானியப் போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு விற்றது. ஸ்கொத்லாந்துக் கம்பனி அடுத்த ஆண்டு அவ்வழி சென்றது. பிரிட்டிஷ் இலெக்ரிக் ரிறக்ஷன் கூட்டமோ விற்க மறுத்து, 1967 வரை தனித்து நின்றது. பிரிஸ்ரல் தொழிற்சாலையும் அரசுக்குரியதானமையால் லோடெக்கா வண்டிகள் பல ஆண்டுகள் அரசுடைமைக் கம்பனிகளுக்கு மாத்திரமே விற்கப்பட்டன.

இந்த ஒழுங்கின் சாயல் இலங்கையிலும் படிந்தது. 1942 ஆம் ஆண்டின் ஒம்னிபஸ் சேவை அனுமதிச் சட்டம் ஒவ்வொரு பாதைக்கும் தனியனுமதி அளிக்கும் முறையைக் கொணர்ந்தது. 1958 ஜனவரி 1 இல் கம்பனிகள் யாவும் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. லண்டனில் ஓடி ஓய்ந்த ‘ஆர் ரி’ குடும்பத்து இரட்டைத்தட்டு பஸ்களை அச்சபை நூற்றுக்கணக்கில் வாங்கி ஓட்டியது. ஓரிடத்தில் முதுமையடைந்த வண்டி வேறோரிடத்தில் மீண்டும் உழைத்தது.

அரசுடைமையானதாலேயே பஸ் ‘எல்லோர்க்கும்’ உரியதாகிவிடவில்லை என்பதை 1963 ஆம் ஆண்டு பிரிஸ்ரல் நிகழ்ச்சி காட்டியது. அந்நகரின் பஸ் கம்பனி அரசுக்குரியது. எனினும் கறுப்பினத்தவரையும் ஆசிய நாட்டவரையும் சாரதிகளாகவோ நடத்துநராகவோ சேர்ப்பதில்லை என்னும் வழக்கத்தை அது கைக்கொண்டது. தொழிற்சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் அதற்கு உடந்தையாயிருந்தது. கட்டணம் கொடுத்து அமரலாம். சீருடை அணிந்து உழைக்கலாகாது என்பதே நிலை. பயிற்சியும் தகுதியும் உடைய கை பெய்லி என்னும் இளைஞர் நேர்முகப் பரீட்சைக்கே ஏற்கப்படாமையை முன்னிட்டு, போல் ஸ்ரீவன்சன் முதலியோர் ஏப்பிரில் மாத இறுதியில் பஸ் பகிஷ்கரிப்பைத் தொடங்கினர். மாணவரும் நகரமக்கள் பலரும் துணைநின்றனர். ஓகஸ்ற் 28 இல் கம்பனி பணிந்தது. செப்ரெம்பர் 17 இல் ரக்பீர் சிங் என்னும் சீக்கியர் அந்நகரின் வெள்ளையரல்லாத முதல் நடத்துநரானார். இன ஒதுக்கலைத் தடுக்கும் 1965, 1968 ஆம் ஆண்டுச் சட்டங்களுக்கு இக்கிளர்ச்சியும் வழிகோலியது என்பர்.

1986 உம் அதன் பின்னும்

1950 களின் முற்பகுதியில் பஸ் பிரயாணம் உச்சநிலையை அடைந்தது. அதன்பின் சொந்தக் கார் பெருகிற்று. மாலையில் படமாளிகைக்குச் சென்றோர் வீட்டிலிருந்து தொலைக்காட்சி கண்டனர். பெரும் பாதையின் இலாபம் சுருங்கவே, அதனால் தாங்கப்பட்ட கிராமப் பாதையும் தளர்ந்தது. பேராசிரியர் ஜக் தலைமையில் ஆராய்ந்த குழு, கிராம பஸ்களுக்குப் பொதுப்பணம் உதவவேண்டுமென 1961 இல் அறிக்கை விடுத்தது. 1969 ஜனவரி 1 இல் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் அரசுடைமைக் கம்பனிகள் தேசிய பஸ் கம்பனி என்னும் ஒரே அமைப்பின் கீழ் வந்தன. 1972 முதல் வண்டிகள் பொதுவாகச் சிவப்பு அல்லது பச்சை என்னும் இரு நிறங்களுள் ஒன்றையே பூண்டன. பிராந்தியத்தின் முகம் அங்கேயே மங்கத் தொடங்கிற்று.

முடிவான மாற்றம் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் விளைந்தது. 1986 ஒக்ரோபர் 26 முதல், லண்டனுக்கு வெளியே, பாதையனுமதி முறை ஒழிந்தது. முன்னறிவித்தல் கொடுத்துப் பதிந்த எவரும் எப்பாதையிலும் ஓடலாம். தேசிய பஸ் கம்பனி எழுபதளவான கூறுகளாகப் பிரித்து விற்கப்பட்டது. போட்டி கட்டணத்தைக் குறைக்கும், புதிய சேவைகளை வளர்க்கும் என்பது சட்டத்தை ஆக்கியோர் வாதம். ஓடிய மைல்கள் கூடியமை உண்மையே. சிறிய வண்டிகள் குடியிருப்புகளின் உள்ளே சென்றமையும் உண்மையே. ஆயின் பெருநகரங்களில் பிரயாணிகள் தொகை வீழ்ந்தது; ஆள் நிறைந்த பாதைகளில் வண்டிகள் முண்டியடிக்க, ஆள் குறைந்த பாதைகள் ஊர்ச் சபைகளின் உதவிப்பணத்தை நோக்கி நின்றன. விற்கப்பட்ட கம்பனிகள் சில ஆண்டுகளில் ஸ்ரேஜ்கோச் போன்ற புதிய பெருங் கூட்டங்களிடம் சேர்ந்தன. 1918 இன் பின் நிகழ்ந்தவை மீளவும் நிகழ்ந்தன எனலாம். 1930 ஆம் ஆண்டுச் சட்டம் மாத்திரம் அங்கில்லை.

அவ்விடைவெளியை நிரப்ப 2017 ஆம் ஆண்டு பஸ் சேவைகள் சட்டம் நகரப் பிராந்திய அதிகாரசபைகளுக்கு வழி திறந்தது. லண்டனுக்கு வெளியே அதனை முதலிற் கைக்கொண்டது மஞ்செஸ்ரர்ப் பிராந்தியம். பாதையையும் கட்டணத்தையும் நேரத்தையும் பொது அதிகாரசபை வகுக்க, கம்பனிகள் ஒப்பந்தத்தின்பேரில் வண்டியோட்டும் முறை அங்கே 2023 செப்ரெம்பர் 24 இல் தொடங்கி, 2025 ஜனவரி 5 இல் நிறைவெய்தியது. முதற்கட்டத்தில் அம்முறைக்குள் வந்த இடங்களுள் சல்போட் நகரின் பகுதிகளும் அடங்கும். 1824 இல் கிறீன்வூட் தம் வண்டியைப் பூட்டிய பென்டில்ரன் அந்நகரைச் சேர்ந்ததே.

பிராந்தியக் கம்பனிகளின் பழைய வண்டிகள் ஆர்வலரால் பேணப்பட்டு நூதனசாலைகளிலும் விழா ஊர்வலங்களிலும் காணப்படுகின்றன. பெவர்லி வாயிலுக்காகக் குவிந்த கூரையையும், தாழ்ந்த பாலத்துக்காகப் பதிந்த நடைபாதையையும் நோக்குவோர் பொறியியலாளரின் திறனை வியப்பர். அத்திறனைப் பயன்படுத்துவதற்கு ஒரு பிராந்தியத்தில் நிலைத்து நின்று, அதன் வீதிகளையும் மக்களையும் அறிந்து, இலாபமற்ற பாதையையும் தன் கடமையெனக் கொண்ட ஓர் அமைப்பு வேண்டியிருந்தது என்பதையும் உடன் நினைத்தல் தகும். அவ்வமைப்பு கம்பனியாயிருப்பினும் அரசாயிருப்பினும், உரிமையைக் கடமையோடு பிணைத்தவிடத்தே பஸ் தன் முழுப்பெயருக்கு உரியதாயிருந்தது. அப்பிணைப்பு நெகிழ்ந்தவிடத்தே கடைசிக் கிராமத்தின் கடைசி வண்டி முதலில் நின்றது.